ஆம்பூரில் திருத்தாமல் விட்ட பேச்சு

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும்படி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஊக்கத்துக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போட்டவர்கள், செல் வளர்ப்பில் என்னைப்போல் கைராசிக்காரி கிடையாது என்று பேசினார்கள். அது உண்மைதான். முப்பது வருஷத்தில் என் கையில் பூஞ்சை பிடித்துப் போன தட்டுகள் மிகக் குறைவு. ஆனால் இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தட்டுகள் நினைவுக்கு வருவதில்லை. தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்த ஒருவரும் அவர் வருஷக்கணக்காகக் குடித்த கடுக்காய்த் தண்ணீரும்தான் வருகிறது. பைப்பெட் பிடிக்க உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். இதை அவர்கள் சொல்லித் தர மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கே தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி. வேலூரில் எங்கள் ஆய்வகம் அப்போது இரண்டே அறை. கரண்ட் போனால், செல்களைச் சூடு குறையாமல் வைக்கும் இன்குபேட்டரைப் போர்வையால் மூடிவிட்டு ஜெபம் பண்ணுவோம். எங்கள் பேராசிரியருக்கு ஒரு கேள்வி இருந்தது. பேராசிரியர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், பெயர் வேண்டாம். அவரும் அதைத்தான் விரும்புவார். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எத்தனையோ பேர் தோல் பதனிடும் குரோமியத்தில் கை நனைத்துப் பிழைக்கிறார்கள். அவர்கள் சாப்பிடும் சாப்பாட்டிலேயே அவர்களுடைய செல்களுக்குக் காவலாக ஏதாவது இருக்குமா? இதுதான் கேள்வி.

கடுக்காய், நெல்லிக்காய், ஆவாரம்பூ, மாதுளைத் தோல், தேயிலை. இவற்றை வாயில் வைத்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அதைத் தருவது பாலிஃபீனால் என்னும் சத்து. பச்சைத் தோலைக் கெடாமல் இறுக்கிப் பதப்படுத்துவதும் அதுவேதான். டேனரிக் கிடங்கிலும் கடுக்காய் மூட்டை கிடக்கும், சமையலறை டப்பாவிலும் கிடக்கும். இன்னொரு பக்கம், நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. விஷம் உள்ளே நுழைந்தால் அதைப் பிடித்து, வேறொன்றோடு கட்டி, கரைய வைத்து, வெளியே தள்ளும் நொதிகள். துவர்ப்புச் சத்து பட்டால் இந்தக் காவல் கூடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஏலகிரியிலிருந்து கடுக்காய் வரவழைத்து, சாறெடுத்து, தட்டில் வளர்ந்த செல்களின்மேல் ஊற்றினேன்.

கூடியது. நான் எதிர்பார்த்ததைவிடக் கூடியது. மூன்று முறை திரும்பச் செய்தேன், மூன்று முறையும் கூடியது. அன்றைக்குப் பேராசிரியருக்கும் எனக்கும் காபி வாங்கி வந்தது நான்தான். சந்தோஷத்தில் சர்க்கரை போடச் சொல்ல மறந்துவிட்டேன், இரண்டு பேரும் கவனிக்காமலே குடித்தோம்.

ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், தெரியும். நான் சாறு ஊற்றிய எல்லாக் குழியிலும் செல் இருந்தது. செல்லே இல்லாத வெறும் குழி ஒன்றிலும் அதே சாறை ஊற்றி அங்கே என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்பது பேராசிரியரின் பழைய பாட்டு. நான் பார்க்கவில்லை. வெறும் திரவத்தில் என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். வேலை தெரிந்தவளுக்கு வரும் சோம்பேறித்தனம் அது. வேலை தெரியாதவள் பயந்துகொண்டு ஒழுங்காகச் செய்திருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆம்பூரில் தொழிலாளர்களுக்கு ஒரு உடல்நல முகாம் நடந்தது. டாக்டர்கள் பரிசோதனை செய்வார்கள், நடுவில் யாராவது சாப்பாட்டைப் பற்றி எளிமையாகப் பேச வேண்டும். பேராசிரியர் என்னை அனுப்பினார். அவர் பேசினால் அரை மணி நேரத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்று அவருக்கே தெரியும்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா. பின்னால் அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. ஆம்பூரில் பிரியாணி வாசனைக்கு எதிராக மைக் பிடித்துப் பேசிப் பாருங்கள், அப்போது தெரியும். எல்லாக் கண்ணும் எனக்குப் பின்னால் இருந்தது. நான் வேகமாக முடிக்கப் பார்த்தேன். “கடுக்காயும் நெல்லிக்காயும் உங்க செல்லுக்குள்ள இருக்கற காவல்காரனை எழுப்பி விடுது. குரோம் உள்ள போனாலும் அவன் புடிச்சி வெளிய தள்ளுவான். இதை நாங்க சோதனை பண்ணிப் பார்த்துட்டோம்” என்றேன். கை தட்டினார்கள். தட்டில் வளர்ந்த செல்லில் பார்த்தோம், மனுஷ உடம்பில் பார்க்கவில்லை என்று இன்னும் ஒரு வாக்கியம் குறிப்பில் இருந்தது. அதை விட்டுவிட்டேன். நேரமாகிவிட்டது என்பது காரணம். கைதட்டல் நின்றுவிடும் என்பதும் ஒரு காரணம்.

முடிந்ததும் ஒருவர் எழுந்து வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, தலையில் வெள்ளைத் தொப்பி. பெயர் பஷீர். டேனரியில் குரோம் காய்ச்சுகிறவர். அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைகுரோமேட் என்று ஒரு ஆரஞ்சு நிற உப்பு. அதைத் தொட்டியில் கரைத்து, ஆசிட் சேர்த்து, வெல்லப்பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். நுரைத்துக் கொதித்து ஆவி எழும்பும். ஆரஞ்சு மெல்ல மெல்லப் பச்சையாகும். தோலுக்கு வேண்டியது அந்தப் பச்சை. பச்சை அவ்வளவு பொல்லாதது இல்லை. ஆரஞ்சுதான் எமன். தோலைத் துளைக்கும், மூக்கை அரிக்கும், நுரையீரலில் போய் உட்காரும். பஷீர் பாய் அந்தத் தொட்டிமேல் இருபது வருஷம் குனிந்து நின்றவர்.

“சிஸ்டர், இங்க பாருங்க” என்று இரண்டு கையையும் நீட்டினார். விரல்களில் பட்டாணி அளவு குழிப்புண் ஆறிய தழும்புகள். நான் நர்ஸ் இல்லை என்று சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை, கடைசிவரை எனக்கு சிஸ்டர்தான். “மூக்கு நடுவுல ஓட்டையே வுழுந்துடுச்சி. வலியே இல்ல. வூட்ல கேலி பண்றா, இதுல மூக்குத்தி போட்டுக்கினு நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கன்றா.” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, “ஒண்ணு கேக்கறேன் சிஸ்டர். பைகுரோம்ல வெல்லம் வுட்டா வெஷம் அடங்கிடுது. அதே மாதிரி கடுக்கா குடிச்சா உள்ள போனது அடங்கிடும். அப்படித்தானே?” என்றார்.

அப்படி இல்லை. நான் சொன்னது செல்லின் காவலைப் பற்றி, அவர் புரிந்துகொண்டது தொட்டியின் ரசாயனத்தை. ஆனால் ஒரு தொழிலாளி என் பேச்சைத் தன் வேலையோடு பொருத்திப் பார்த்து இவ்வளவு அழகாகக் கேட்கிறாரே என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “கிட்டத்தட்ட அப்படித்தான் பாய்” என்றேன்.

பிள்ளைகளே, கிட்டத்தட்ட என்ற வார்த்தையை ஆய்வகத்துக்கு வெளியே சொல்லாதீர்கள். நாம் அதில் சந்தேகத்தை வைத்துச் சொல்கிறோம். கேட்கிறவர் சந்தேகத்தைக் கீழே போட்டுவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்.

இரண்டு மாதம் கழித்து முகாம் டாக்டரோடு அந்த டேனரிக்குப் போனேன். பஷீர் பாயின் கையையும் மூக்கையும் பார்த்திருந்த டாக்டர், அவரைத் தொட்டி வேலையிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார். மேனேஜரும் ஆச்சரியமாக ஒத்துக்கொண்டிருந்தார். பஷீர் பாய்தான் மாட்டேன் என்றார். அவரிடம் பேசிப் பார்க்கத்தான் டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வாசலில் ஒரு மண்பானை, அதன்மேல் தட்டு, தட்டின்மேல் டம்ளர். “இன்னாது இது?” என்று டாக்டர் கேட்டார். “சிஸ்டர் சொன்ன கடுக்கா தண்ணி. எல்லாரும் குடிக்கிறோம்” என்றார் ஒருவர். நான் சொன்னதற்காக ஒரு ஊரில் பானை வைத்திருக்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பஷீர் பாய் எங்களைத் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார். ஜன்னல் விளிம்பில் இரண்டு கண்ணாடி கிளாஸ் வைத்திருந்தார். இரண்டிலும் ஒரே அளவு ஆரஞ்சுத் தண்ணீர், இரண்டு சொட்டு ஆசிட். ஒன்றில் கடுக்காய்க் கஷாயத்தை ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு கறுத்து, பழுப்பாகி, கடைசியில் கலங்கல் பச்சை வந்தது. பக்கத்து கிளாஸ் அப்படியே ஆரஞ்சாக இருந்தது.

“அதை ஏன் வெச்சிருக்கீங்க?” என்று ஊற்றாத கிளாஸைக் காட்டிக் கேட்டேன்.

“அது இல்லன்னா இது மாறினது எப்படித் தெரியும் சிஸ்டர்? தானா மாறிச்சோ இன்னாவோ” என்றார்.

எட்டாவது தாண்டாத மனிதர். நான் மூன்று முறை செய்த சோதனையில் வைக்காத கிளாஸை அவர் வைத்திருந்தார். அவர் செய்தது சரியான சோதனை, கண்டதும் உண்மை. துவர்ப்பு பைகுரோமேட்டைப் பச்சையாக்கும், கிளாஸில். ஆனால் குடித்த கஷாயம் வயிற்றிலும் குடலிலும் சிதைந்து, ரத்தத்துக்கு வந்து சேர்வது ரொம்பக் கம்மி. மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போகும் ஆவிக்கும் அதற்கும் சந்திப்பே கிடையாது. கிளாஸை உடம்பென்று அவர் நினைத்தார், தட்டை உடம்பென்று நான் நினைத்தேன். அதில் எங்களுக்குள் வித்தியாசம் இல்லை. அவர் நம்பியது என்னை என்பதுதான் வித்தியாசம்.

“பேக்கிங்குக்குப் போங்க பாய்” என்று டாக்டர் சொன்னார்.

“அங்க போயி டப்பா ஒட்டறதுக்கா டாக்டர்? பச்சை எப்ப பக்குவமாவுதுன்னு இந்தக் கம்பெனில எனக்குத்தான் தெரியும். முன்னாடியாவது பயம் இருந்துச்சி. இப்ப அதான் குடிக்கிறனே.” என்னைப் பார்த்தார். “சொல்லுங்க சிஸ்டர்.”

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். டாக்டர் காத்திருந்தார், பஷீர் பாய் காத்திருந்தார். அப்போது எனக்கு வெறும் குழியின் விஷயம் தெரியாது. ஆனாலும் உடம்பில் பார்க்கவில்லை என்பது தெரியும். அதையாவது சொல்லியிருக்கலாம். பானை வைத்த இடத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. “கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்குங்க பாய்” என்று மட்டும் சொன்னேன். “போட்டுக்கறேன்” என்றார். மாஸ்க் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் பல வாரமாக யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. அவர் தொட்டியிலேயே இருந்துவிட்டார்.

ஒரு வருஷம் போயிற்று. கட்டுரையை அனுப்பும் முன் பேராசிரியர் என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “வெறும் குழி எங்கம்மா?” என்றார். இல்லை என்றேன். திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் திட்டாமல் கண்ணாடியைக் கழற்றினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

வெறும் குழி வைத்தேன். செல்லே இல்லாத திரவத்தில் கடுக்காய்ச் சாறு தானாகவே காற்றோடு வினைபுரிந்து பெராக்சைடு உண்டாக்கியிருந்தது. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அந்தச் சரக்கு. செல்லின் காவல் கூடியது துவர்ப்பின் நல்ல குணத்தால் என்று நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அந்தப் பெராக்சைடு சுட்டதால் செல் அலறிக்கொண்டு எழுந்திருக்கிறது. பெராக்சைடை அழிக்கும் நொதியையும் சேர்த்துவிட்டுப் பார்த்தேன். காவலின் ஏற்றத்தில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. கொஞ்சம் மிஞ்சியது. அது நிஜம். துவர்ப்புச் சத்தைச் செல் ஒரு சின்ன விஷமாகத்தான் பார்க்கிறது, பார்த்துவிட்டு உஷாராகிறது. கீரை, நெல்லிக்காய் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை நம்பி ஒருவர் பைகுரோமேட் தொட்டிமேல் மூச்சு விடக் கூடாது.

“நல்லவேளை, அச்சுக்குப் போகல” என்றார் பேராசிரியர். நானும் நல்லவேளை என்றேன். கட்டுரையை முழுக்க மாற்றி எழுதினோம். எங்கே தவறினோம் என்று ஒளிக்காமல் எழுதினோம், அதற்காக வெளியில் எங்களைப் பாராட்டவும் செய்தார்கள். ஆம்பூரை யாரும் நினைக்கவில்லை. கட்டுரையைத் திருத்துவதற்கு முறை இருக்கிறது. மைக்கில் பேசியதைத் திருத்த முறை கிடையாது, பஸ் ஏறிப் போனால்தான் உண்டு.

பேராசிரியர் நினைக்கவில்லை என்று சொல்லலாம், அவர் பானையைப் பார்த்ததில்லை. நான் நினைத்தேன். வேலூரிலிருந்து ஆம்பூர் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காலை ஆராதனை முடிந்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அடுத்த முகாமில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த முகாம் நடக்கவேயில்லை. கடுக்காய்தானே, குடித்தால் கெடுதலா என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். கஷாயம் கெடுதல் இல்லைதான். கஷாயம் இருக்கிறது என்று ஒரு மனிதர் தொட்டியை விட்டு நகராமல் நிற்பதுதான் கெடுதல். அது எனக்குப் புரியாமல் இல்லை. போய்ச் சொல்ல வெட்கம். வெட்கத்தைப் போல் மனிதனை ஆற அமர உட்கார வைக்கும் நாற்காலி வேறு இல்லை. நான் அதில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஒரு காலை நேரம். ஆஸ்பத்திரியில் ரத்த மாதிரிகள் வாங்கப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் ஒரு அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கறுப்பு புர்கா, கையில் ஒரு பிளாஸ்க். “நீங்க ஆம்பூர்ல பேசின சிஸ்டர் தானே? நான் பஷீர் வூட்டுக்காரி, மும்தாஜ். முகாம்ல பிரியாணி கிட்ட நின்னுக்கினு இருந்தேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “அல்லாதான் உங்களைக் காட்டினான். அவரு உள்ள படுத்துக்கினு இருக்காரு. நுரையீரல்ல கட்டியாம். மருந்து ஏத்தறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா தெம்பாயிடுவாரு.”

“பிளாஸ்க்ல இன்னாமா?” என்று கேட்டேன். கேட்கும்போதே தெரியும்.

“கடுக்கா தண்ணிதான். ஒரு நாள் வுட்டதில்ல சிஸ்டர். நோம்புல கூட விடியறதுக்கு முன்னாடி சஹருக்குக் குடுத்துடுவேன். இப்ப ஜாஸ்தியா காய்ச்சறேன், சுண்ட வெச்சி.”

அதற்குள் எங்கள் துறையில் இன்னொன்று தெரிந்திருந்தது. உங்களுக்குப் பாடத்திலேயே வரும், எங்களுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. செல்லின் அந்தக் காவல் நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை. புற்றுநோய்ச் செல்லுக்குள்ளும் அதே காவல் இருக்கிறது, பல சமயம் தூக்கலாகவே இருக்கிறது. ஏற்றுகிற மருந்தை விஷமென்று பிடித்து வெளியே தள்ளப் பார்க்கும். சுண்டக் காய்ச்சிய கஷாயம் அதற்குத் துணை போகுமா என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. தெரியாதபோது கொடுக்காமல் இருப்பதுதான் முறை. நான் அந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பாதியாகிப் போயிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், “இவங்கதான் சொன்னனே, நம்ப சிஸ்டர்” என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். கஷாயத்தை நிறுத்துங்கள், மருந்தோடு சேரக் கூடாது.

“சரி, மருந்து முடிஞ்சி குடிக்கறேன்.”

“அப்பவும் வேணாம் பாய்.”

“ஏன்?”

சொன்னேன். தட்டு, வெறும் குழி, பெராக்சைடு, எல்லாவற்றையும் அவருக்குப் புரியும்படி சொன்னேன். அவருக்கு எல்லாம் புரிந்தது. அவருக்குப் புரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்த நேரத்தில் வேண்டிக்கொண்டேன்.

“கிளாஸ்ல பச்சையாச்சே சிஸ்டர். நான் கண்ணால பார்த்தனே.”

“கிளாஸ்ல ஆவும் பாய். உடம்புல அது குரோம் கிட்டயே போறதில்ல.”

இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று. “இது உங்களுக்குத் தெரிஞ்சி எவ்ளோ நாளாச்சி?”

பொய் சொல்லியிருக்கலாம். போன மாதம்தான் தெரிந்தது என்று சொன்னால் நம்பியிருப்பார். “ஏழு வருஷம்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அழுது தீர்த்திருப்பேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அன்னிக்கே சொல்லிருந்தா பேக்கிங்குக்குப் போயிருப்பேன்” என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, வேலைக் கணக்குச் சொல்வதைப் போல் சொன்னார். பிறகு என்னை நோக்கித் திரும்பினார்.

“மும்தாஜ்கிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். அவதான் தெனம் கையால இடிச்சி காய்ச்சிக் குடுத்தா. நான் வேணாம்னாலும் வுட மாட்டா. அவளுக்குத் தெரிய வேணாம்.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மருந்து ஏற்ற அவர் வந்த நாட்களில் எல்லாம் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். பஷீர் பாய், “கொஞ்சம் சுடுதண்ணி புடிச்சிக்கினு வா” என்று அனுப்புவார். அவர் போனதும் டம்ளரை என்னிடம் நீட்டுவார். நான் வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, துவர்ப்பின் கறை தெரியாமல் தண்ணீர் திறந்துவிடுவேன். அந்த அம்மா திரும்பி வந்து காலி டம்ளரைப் பார்த்து நிம்மதியாகச் சிரிப்பார். என் பணிக்காலத்தில் நான் செய்ததிலேயே அருவருப்பான வேலை அது. ஆறு மாதத்தில் அவர் இறந்துவிட்டார்.

உங்களில் கணக்குப் பார்க்கிறவர்கள் இப்போது ஒன்று சொல்வீர்கள். இருபது வருஷ ஆவி ஏற்கெனவே நுரையீரலில் இருந்தது, பேக்கிங்குக்குப் போயிருந்தாலும் வந்திருக்கலாம் என்பீர்கள். இருக்கலாம். நானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவள்தான். ஆனால் பஷீர் பாய்க்கு ஒரு இரண்டாவது கிளாஸ் கிடையாது. பேக்கிங்குக்குப் போன பஷீர் பாய் என்று ஒருவரை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் எனக்கு விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை. என்ன பாடம் என்று கேட்டால், வெறும் குழியை வையுங்கள். அதைவிட, பேசிய ஊருக்குத் திரும்பிப் போங்கள். வெட்கம் வருமுன் போங்கள்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து மும்தாஜ் அம்மா ஆய்வகத்துக்கு வந்தார். எனக்காக ஒரு டப்பாவில் சேமியா பாயசம். முதல் தடவையாக உள்ளே வந்து, இன்குபேட்டரையும் தட்டுகளையும் பார்த்துவிட்டு, “இங்கதான் கண்டுபுடிச்சீங்களா?” என்றார். தலையசைத்தேன்.

“கடைசி வரைக்கும் குடிச்சாரு சிஸ்டர். அதனாலதான் இத்தினி வருஷமாவது இருந்தாரு. இல்லன்னா எப்பவோ போயிருப்பாரு.” புர்கா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்ப மாப்பிள்ளைக்கும் நான்தான் காய்ச்சிக் குடுக்கறேன். அவரு வேலையே அவனுக்குப் போட்டுக் குடுத்துட்டாங்க. அதே தொட்டி.”

என் கையில் இருந்த டப்பாவை மேசைமேல் வைத்தேன். “அவரை அந்தத் தொட்டிகிட்ட வுடாதீங்கமா. வேற செக்ஷன் கேட்டு வாங்கச் சொல்லுங்க.”

“பயம் எதுக்கு? அதான் தெனம் குடிக்கிறானே.”

செத்தவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அவர் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் குனிந்து நிற்கும் தொட்டி ஒரு பக்கம். இந்த முறை நான் ஏழு வருஷம் எடுத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாஷ்பேசினைக்கூடச் சொன்னேன், அதை விட்டிருக்கலாம்.

அவர் அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தினம் கடுக்காய் இடித்து விரலிடுக்கெல்லாம் கறுத்துக் கிடந்தது. கழுவினாலும் போகாது அந்தக் கறை.

“மாப்பிள்ளைய நாளைக்கே நிறுத்திடறேன்” என்றார். எழுந்தார். கதவுவரை போய் நின்றார்.

“அப்போ தெனம் நான் ஊத்திக் குடுக்கச்சே, என் மூஞ்சிய பார்த்துக்கினு இருந்தாரே சிஸ்டர், எல்லாம் தெரிஞ்சிக்கினேவா?”

ஆமாம் என்றேன்.